சீர்த்தட்டில் வந்த ராஜா

என்னுடைய ராஜ்யத்துக்கு ராஜாவாக ஓர் எருமைக் கன்றைத் தேர்ந்தெடுத்தபோது நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வேறு நல்ல மிருகமே கிடைக்கவில்லையா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போது சொன்னாலும் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை என்பதுதான் பதில். அந்த விளையாட்டில் தலையில் கிரீடம் முளைக்கிற ஆண் பிறவி அது ஒன்றுதான். அதுவும் சும்மா முளைக்காது.

விளையாட்டு என்றால் ஓடிப் பிடிப்பதில்லை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மெஷினில் ஆடுவது. அதற்குள் ஒரு நாடு இருக்கும். அந்த நாட்டின் புல்லிலும் குளத்திலும் குகையிலும் விதவிதமான பிராணிகள் திரியும். நாம் போய் அவற்றைப் பிடித்து, பெயர் வைத்து, சண்டை பழக்கி, மற்றவர்கள் வளர்க்கும் பிராணிகளோடு மோதவிட வேண்டும். பிடித்து வைப்பது எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், கூடவே கூட்டிக்கொண்டு போக ஆறுதான். அந்த ஆறு யார் யார் என்பதில்தான் ஆட்டக்காரனின் குணம் தெரியும்.

மெஷின் வந்தது மாமாவிடமிருந்து. அம்மாவின் தம்பியான அவர் தேவாரத்தில் டி.வி., டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். மலைக்கு மேலே நெடுங்கண்டத்திலிருந்து ஒருவர், துபாயில் இருக்கும் தன் பிள்ளைகள் ஆடி முடித்த இரண்டு மெஷின்களை, இரண்டும் ஓடவில்லை, ஆக்ரி, காயலான் கடைச் சரக்கு என்று கடையில் போட்டுவிட்டுப் போனாராம். மாமா அவற்றைப் பிரித்துத் துடைத்துப் பற்றவைத்து இரண்டையும் ஓட வைத்துவிட்டார். ஒன்று அவர் மகனுக்கு, ஒன்று அக்காள் மகளான எனக்கு. மகனுக்கு ஒன்று வாங்கினால் மருமகளுக்கும் ஒன்று என்பது மாமாவின் சட்டம். தீபாவளிக்கு அவனுக்குச் சட்டை எடுத்தால் எனக்குப் பாவாடை வந்துவிடும். இரண்டு மெஷின்களையும் இணைக்கிற ஒயர் ஒன்றுதான் இருந்தது. அது மாமா மகன் பொறுப்பில் இருந்தது, அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன் என்ற ஒரே தகுதியால்.

அவனை நான் மச்சான் என்று கூப்பிட வேண்டும். முறை அது. நான் கூப்பிட்டதில்லை. ஏலே என்றுதான் வாயில் வரும். அம்மா திட்டுவாள், அவனுக்கு அதில் ஒன்றும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அவனும் என்னை ஏ புள்ள என்றுதான் கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உத்தமபாளையத்திலிருந்து அம்மாவோடு கோம்பை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறித் தேவாரம் போய்விடுவேன். அம்மாவுக்குத் தம்பி வீட்டில் பேச்சு, எனக்குச் சண்டை. மாமா வீட்டுக் கட்டிலில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒயரை மாட்டிக்கொள்வோம். அவனுடைய ஆறும் நெருப்புக் கக்குவதும் கடிப்பதுமாக இருக்கும். பெயர்கூட வைக்க மாட்டான், விளையாட்டுக்காரன் கொடுத்த இங்கிலீஷ் பெயரிலேயே விட்டுவிடுவான். என்னுடையது அப்படியில்லை. நான் ஓர் அரசவை கட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் வருடா வருடம் ஒரு சரித்திர நாடகம் போடுவார்கள். வருடா வருடம் நான் சாமரம் வீசுகிற பணிப்பெண். உயரம் போதவில்லை, குரல் போதவில்லை என்று எதையாவது சொல்லி ராணி வேஷத்தைத் தாசில்தார் மகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நாடகம் முழுக்க ஒரு வசனமும் இல்லாமல் நின்று, தென்னங்குச்சியில் பஞ்சு கட்டிய சாமரத்தை ஆட்டி ஆட்டிக் கை வலித்துப்போகும். எரிச்சலாக வரும். சரி, மேடை உங்களுடையது, மெஷின் என்னுடையது என்று ஒரு நாள் முடிவு செய்தேன்.

தலைக்கொண்டையை விசிறி போல விரிக்கும் ஒரு வெள்ளைப் பறவை எனக்கு ராணியாயிற்று. வட்டக் கண்களோடு எதையும் யோசித்தே செய்யும் ஆமை மந்திரி. ஒரு கை மட்டும் பெருத்த நண்டு தளபதி. முட்டை ஓட்டிலிருந்து பாதி மட்டும் வெளியே வந்து, மீதி ஓட்டைத் தலையில் கிரீடம் போலக் கவிழ்த்துக்கொண்டிருந்த குஞ்சு இளவரசி. பந்து போல உருண்டு ஓடுகிற குட்டி யானையைப் பட்டத்து யானை ஆக்கினேன். இங்கிலீஷ் எழுத்தில் அத்தனை நீளப் பெயரை மெஷின் ஏற்கவில்லை. பட்டத்து என்பதோடு நின்றுவிட்டது, யானையைச் சேர்த்து நாமே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த அரசவை ஒவ்வொரு ஞாயிறும் தோற்றது. இளவரசிக்கு அழத்தான் தெரியும். மந்திரி ஓட்டுக்குள் போய்விட்டால் வெளியே வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். மாமா மகன் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் புரளுவான். "ஒன் ராஜ்யத்துல சண்ட போட ஒருத்தருமில்ல புள்ள. எல்லாரும் போட்டோவுக்கு நிக்கிறாக" என்பான். நாலு நல்ல பிராணி தருகிறேன், ராணியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவற்றை வைத்துக்கொள் என்று உதவிக்கும் வந்தான். நான் பிடிவாதக்காரி. ராஜா இல்லாத குறைதான், ராஜா வந்தால் எல்லாரும் சரியாகிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். அதை நான் நம்பவும் செய்தேன்.

எருமையைப் பற்றிக் கண்டுபிடித்தது அவன்தான். போடிக்குப் போனபோது பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியிருக்கிறான். குளத்தில் நிற்கிற மந்தமான எருமைக் கன்று ஒன்று இருந்தது. மழை பெய்தாலும் இடி இடித்தாலும் அதற்கு ஒன்றுதான், எருமை என்றால் எருமை. அதை நானே முன்னால் பலமுறை கண்டு, வேண்டாமென்று விட்டிருக்கிறேன். அதன் கழுத்தில் கிரீடக் கல் என்ற ஒன்றைக் கட்டி, ஒயர் வழியாக இன்னொருவருடைய மெஷினுக்கு அனுப்பினால் போய்ச் சேர்ந்த இடத்தில் அது ராஜாவாக எழுந்து நிற்குமாம். நம் மெஷினிலேயே வைத்துக்கொண்டு எத்தனை வருடம் வளர்த்தாலும் கன்றாகவே இருக்கும். கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

நான் எருமையைப் பிடித்தேன், ராஜா என்று பெயர் வைத்தேன், ஒரு மாதம் குகை குகையாக அலைந்து கல்லைத் தேடிக் கட்டினேன். வைகாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் தேவாரம் போனோம். ஒயரை மாட்டினோம். ஒன்றைக் கொடுத்தால் பதிலுக்கு ஒன்றை வாங்க வேண்டும் என்பது மெஷினின் கணக்கு. அவன் ஈடாக ஒரு புழுவைக் கொடுத்தான். என் எருமை ஒரு குமிழிக்குள் ஏறி ஒயருக்குள் போவது போலப் படம் வந்தது. அவன் மெஷினில் திரை வெள்ளையாகி, இசை மாறி, கொம்புகள் இரண்டும் வளைந்து மேலே சேர்ந்து தங்கக் கிரீடமாயின. அது இரண்டு காலில் எழுந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் ஏறிக் குதித்தோம். குதித்ததில் ஒயர் கழன்றது. திரும்ப மாட்டுவதற்குள் அவன் மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்கிச் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜ் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. அந்த நாளில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் இருந்தது, அது சரியாக எங்கள் நேரமாக இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அம்மா கிளம்பிவிட்டாள். ராஜா தேவாரத்தில் நின்றுவிட்டார். நான் புழுவோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

வாரத்தின் நடுவில் அவன் போன் செய்தான். அப்பாவின் உரக்கடைக்குத்தான் போன் வரும், கடையும் வீடும் ஒட்டியிருந்ததால் கூப்பிடுவார்கள். "ஒன் எருமை நான் சொன்னா கேக்கவே மாட்டேங்குது புள்ள. சண்டைக்கு எறக்கிவிட்டா படுத்துத் தூங்குது" என்றான். வேறொருவரிடம் பிறந்து வளர்ந்த பிராணி புது எஜமான் பேச்சைக் கேட்க வேண்டுமானால், அந்த நாட்டின் பதக்கங்களை எல்லாம் அவர் வென்றிருக்க வேண்டும், அவனுக்கு இன்னும் ஒன்று பாக்கி. ராஜா வீட்டுக் கன்றுக்குட்டி அப்படித்தான் இருக்கும், பத்திரமாக வைத்திரு என்று பெருமையாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னான். பேச்சு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் நான் பெரிய மனுஷி ஆகிவிட்டதாக அம்மா சொன்னாள். எனக்கு ஒன்றும் பெரிதாக ஆன மாதிரி தெரியவில்லை, வயிறுதான் வலித்தது. அம்மா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு முதல் போனைத் தேவாரத்துக்குப் போட்டாள். எங்கள் பக்கத்தில் இந்தச் செய்தி முதலில் போக வேண்டியது தாய்மாமனுக்குத்தான். மாமா தன் பைக்குக்குப் பின்னால் ஓலை ஏற்றிய ஆட்டோவோடு வந்துவிட்டார். பச்சைத் தென்னை ஓலையில் தாய்மாமன் கட்டும் சின்னக் குடிசைக்குக் குச்சு என்று பெயர். வீட்டின் பின்பக்கம் மாமா அதைக் கட்டி முடித்ததும் என்னை அதற்குள் உட்கார வைத்தார்கள்.

இந்தக் காரியங்களுக்கெல்லாம் தலைமை அப்பாவின் அக்கா. என் அத்தை. சாத்திரம் சம்பிரதாயத்தில் அவள் சொன்னதற்கு மேல் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. குச்சுக்குள் போன பொருள் எதுவும் வீட்டுக்குள் திரும்பாது, பாய், தட்டு, டம்ளர், கட்டியிருக்கிற துணி எல்லாம் கடைசி நாளில் குச்சோடு போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நான் மெஷினைக் கேட்டேன். அத்தை யோசித்தாள். மெஷினுக்குத் தீட்டு உண்டா என்பது அதுவரை அவள் முன்னால் வராத வழக்கு. அம்மா, கரண்டில் ஓடுகிற சாமான்தானே என்று எனக்காகக் கொஞ்சம் வாதாடினாள். அத்தை முடிவு சொன்னாள்: எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே போனால் குச்சோடு போகும். என் ராணியும் மந்திரியும் ஓலையோடு போவதை நினைத்ததும் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். மெஷின் பீரோவுக்கு மேலே ஏறியது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை தேவாரம் போவது என்பது இல்லாமல் போனது. மாமா மகன் ஒயரை எடுத்துக்கொண்டு இங்கே வரலாமே என்றேன். அம்மா உளுந்தங்களியில் நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டே, அவன் இப்போது என் கண்ணில் படக் கூடாது என்றாள். ஏன் என்றேன்.

"அவன் ஒனக்கு முறைப் பையன்ல. இனிமே அவங்கிட்ட முன்ன மாதிரி பேசக் கூடாது."

அவன் பிறந்ததிலிருந்தே எனக்கு முறைப் பையன்தான், இத்தனை வருடம் பேசியிருக்கிறேனே, புதிதாக என்ன ஆயிற்று என்று கேட்டேன். அம்மா களியை உருட்டி என் வாயில் திணித்துவிட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மறுபடி மாமா வந்தபோது ஓலை இடுக்கில் வாயை வைத்து, "மாமா, ராஜா அங்க இருக்காரு, எப்பிடியாச்சும் குடுத்துவிடச் சொல்லுங்க" என்றேன். மாமா கையில் அப்போது மூன்று வேலை. மண்டபம், சமையல்காரர், செண்டை மேளம். சரிம்மா, சொல்கிறேன் என்றார்.

அவர் எதைப் போய் எப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. உன் மெஷினில் இருக்கிற எதையோ பிள்ளை கேட்கிறது, கொடுத்துவிடு என்றாராம். அவன் பாவம், என்ன செய்வான்? ராஜாவைத் தனியாகக் கழற்றி ஒரு கவரில் போட்டு அனுப்ப முடியாது. மெஷின் வர வேண்டும், ஒயர் வர வேண்டும், இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்காரக் கூடாது என்றால் மெஷினையே கொடுத்தனுப்பி, நான் ராஜாவை என் பக்கம் இழுத்துக்கொண்டதும் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் வழி. அவன் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தான். சடங்கன்று காலையில் கொடுத்தால் சாப்பாடு முடிவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று அவன் கணக்கு.

சடங்கு பைபாஸ் ரோட்டு மண்டபத்தில் நடந்தது. வாசலில் மாமா இரண்டு ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ் வைத்திருந்தார். எங்கள் வீட்டு இளவரசியே என்று மேலே எழுதி, என் பள்ளிக்கூட போட்டோவில் தலையை மட்டும் வெட்டி ஏதோ ஒரு கிரீடத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். மேடையில் சிங்கக் கைப்பிடி வைத்த சிவப்பு வெல்வெட் நாற்காலி, தேனியிலிருந்து வாடகைக்கு வந்தது. சாமரம் வீசி வீசி ஓய்ந்த எனக்கு அதில் உட்காரக் கசக்கவா செய்யும்? நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் பூவுமாக, தாசில்தார் மகள் பார்க்கிறாளா என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குமுளியிலிருந்து வந்த செண்டை மேளம் காதைக் கிழிக்க, மாமா வீட்டுச் சீர் மண்டபத்துக்குள் நுழைந்தது. வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருவர் தலையிலும் கையிலும் ஒரு தட்டு. பழம், தேங்காய், பட்டு, வளையல், பொம்மை, பால்கோவா. அந்த வரிசையின் கடைசியில் மாமா மகன் ஒரு தட்டோடு வந்தான். பவுடர், கண்ணாடி, ரிப்பன் இருந்த தட்டு. ரிப்பனுக்கு நடுவில் மெஷின். ஒயர் அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக் காட்டினான். எனக்கு உயிர் வந்தது. என் ராஜா வந்துவிட்டார்.

தட்டோடு நேராக என்னிடம் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தான். நடுவில் அத்தை நின்றாள். தட்டை வாங்கினாள், மேடைக்குக் கீழே விரித்திருந்த ஜமுக்காளத்தில் வரிசையில் வைத்தாள். எங்கள் ஊரில் சீர் வந்தால் அதை ஊருக்குச் சொல்ல ஒரு மைக் உண்டு. மைக்கைப் பிடித்தவர் தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்துத் தாய்மாமன் சீர் பட்டுச்சேலை, தாய்மாமன் சீர் வெள்ளிக் கொலுசு என்று வாசித்துக்கொண்டே வந்தார். கடைசித் தட்டில் குனிந்தவர் ஒரு கணம் தயங்கி, பிறகு குரலை இன்னும் உயர்த்தி, தாய்மாமன் சீர் வீடியோ கேம் ஒன்று என்றார்.

மண்டபம் ஆவென்றது. அதுவரை உத்தமபாளையத்தில் எந்தத் தாய்மாமனும் வீடியோ கேம் சீர் வைத்ததில்லை. மாமா ஒரு நிமிஷம் விழித்தார். எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்த்ததும் மீசையைத் தடவிக்கொண்டு, ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். பின்னாலிருந்து யாரோ, வைத்தது தகப்பன் இல்லை, மகன் என்று கண்டுபிடித்துச் சொல்ல, பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. இப்பவே சீர் வைக்கிறாகளா மாப்பிள்ள என்று ஒரு சித்தி கேட்டாள். மாமா மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மேளம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அவன் காது இரண்டும் சிவந்து, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் சாப்பிட்டானா என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே நான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அது அவனுடைய மெஷின், என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ராஜாவை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றேன். அம்மாவுக்குப் புரிந்தது. அதனால்தான் அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை சீர்ச் சாமான்களைப் பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சீரா வந்தத திருப்பி அனுப்புனா, ஒங்க ஒறவே எங்களுக்கு வேண்டாம்னு சொல்ற மாதிரி. மைக்கில வாசிச்சு ஊரே கேட்டிருக்கு. வெவரம் தெரிஞ்சவுக யாராச்சும் அப்பிடிச் செய்வாகளா?"

தம்பி உறவு வேண்டாம் என்று எந்த அக்காள் சொல்வாள்? அம்மா அடுத்த சாமானை எடுத்து அத்தையிடம் நீட்டினாள். நான் அழுதேன். தவறி வந்தது என்றேன், எடுத்துச் சொன்னால் மாமாவுக்குப் புரியும் என்றேன். தவறி வந்தது என்று மாமாவே சொல்ல மாட்டார், சொன்னால் இத்தனை பேர் தட்டிக்கொடுத்த முதுகு என்ன ஆவது என்று அப்பா உரக்கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னது சரிதான். மாமாவும் சொல்லவில்லை. தேவாரத்திலிருந்து ஒயரும் ஒரு பையில் வந்து சேர்ந்தது, சீரில் விட்டுப்போன துணைச் சாமானாக.

இப்போது என்னிடம் இரண்டு மெஷின், ஒரு ஒயர். அவன் மெஷினைத் திறந்து பார்த்தேன். ராஜா இருந்தார். முதல் இடத்தில் இருந்தார். பாக்கியிருந்த பதக்கத்தையும் அதற்குள் அவன் வென்றிருந்தான். போனபோது இருந்ததைவிட ராஜாவுக்குப் பலம் இரட்டிப்பாகியிருந்தது, சண்டையில் இறக்கிவிட்டுப் பார்த்தேன், தூங்கவில்லை, சொன்னதைக் கேட்டார். திருப்பிக் கொடுக்கப் போகிற எருமையை எதற்கு இவ்வளவு பாடுபட்டு வளர்த்தான் என்று ஆச்சரியமாக இருந்தது. ஒயரை மாட்டி, வலது கையில் என் மெஷினையும் இடது கையில் அவன் மெஷினையும் வைத்துக்கொண்டு, புழுவைக் கொடுத்து ராஜாவை வாங்கினேன். கொடுத்ததும் நான், வாங்கியதும் நான். அரசவை நிறைந்தது. ராஜா, ராணி, மந்திரி, தளபதி, இளவரசி, பட்டத்து. பார்த்துப் பூரித்துப்போக வேண்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு சண்டை. அவனுடைய நெருப்புக் கக்கும் கூட்டத்தை என் அரசவையோடு மோதவிட்டேன். இரண்டு பக்கமும் நானே பொத்தானை அழுத்த வேண்டும். இடது கை என்ன செய்யப் போகிறது என்று வலது கைக்கு முன்கூட்டியே தெரியும். ராஜா ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார். ஒரு தடவை வேண்டுமென்றே இடது கையை ஜெயிக்கவிட்டேன், அதிலும் ருசி இல்லை. போட்டோவுக்கு நிக்கிறாக என்று சொல்லிச் சிரிக்க எதிரே ஆள் இல்லாமல் ஜெயித்து என்ன பிரயோசனம்? வெறுப்பாக வந்தது. அவன் அடுத்த பஸ்ஸில் வந்து, ஏ புள்ள, என் மெஷினைக் கொடு என்று சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டு போவான் என்று நினைத்தேன். ஆடி போயிற்று, தீபாவளியும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மட்டும் தேவாரம் போய் வந்தாள். நான் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு வீட்டில் ஏதோ ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

பொங்கலுக்குக் கரும்புக்கட்டும் மஞ்சள்கொத்துமாக மாமா வந்தார். கூட அவனும் வந்தான். தலையைப் படிய வாரி, முழுக்கால் சட்டை போட்டு, முன்னறையில் அப்பாவுக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு ஒழுங்காக அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா என்னைத் தாவணி மாற்றிக்கொள்ளச் சொல்லி, முறுக்குத் தட்டைக் கையில் கொடுத்தாள். நான் அடுக்களையிலிருந்து அறைக்குள் ஓடி, அவன் மெஷினை எடுத்துத் தட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டேன். யார் கண்ணிலும் படாமல் அவன் கையில் தள்ளிவிடுவது என் திட்டம். சீராக வந்தது இப்படித் திருட்டுத்தனமாகத் திரும்பிப் போனால் உறவு முறியாது என்று எனக்கு நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தட்டை நீட்டினேன். மெஷினின் ஓரம் அவன் விரலில் பட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. எழுந்து நின்றான். அவன் எனக்காக எழுந்து நின்றதும் அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கீகளா?" என்று கேட்டான். பிறகு, தட்டிலிருந்து ஒரே ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படியாக, "அது ஒங்களுக்கு வந்தது. நீங்களே வச்சுக்கங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் வராமல் இருந்ததற்கு ஈடாக, என் அரசவைக்குள் அவனே ஒரு வேஷம் கட்டிக்கொண்டு நுழைந்துவிட்டான் என்றல்லவா நினைத்தேன்! என்னமாய் நடிக்கிறான், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல். சிற்றரசன் வந்து மகாராணி முன் எழுந்து நின்று பேசினால் மகாராணி சும்மா இருக்கலாமா? நானும் முகத்தை இறுக்கி, வலது கையை உயர்த்தி, "யாம் நலம். உமது நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா?" என்றேன்.

அவன் கையிலிருந்த முறுக்கைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். மாமா சத்தமாகச் சிரித்தார். அத்தை என்னை உள்ளே போகச் சொன்னாள். அவர்கள் கிளம்பும்போது நான் ஜன்னலில் நின்றேன். பைக்கில் பின்னால் ஏறியவன் திரும்பிப் பார்ப்பான், பார்த்து ஏ புள்ள என்று கத்துவான் என்று நினைத்தேன். அவன் நேராகப் பார்த்துக்கொண்டு போனான். அதிலும் எனக்குக் குறையாக ஒன்றும் படவில்லை. வேஷத்தைக் கடைசிவரை கலைக்காமல் போகிறான், கெட்டிக்காரன்தான் என்று மெச்சிக்கொண்டேன். நான்தான் சரியாகப் பேசவில்லை, மும்மாரி எல்லாம் பள்ளி நாடகத்தில் அடிபட்ட பழைய வசனம், அதனால்தான் அவனுக்குப் பதில் வரவில்லை. அவன் அடுத்த முறை வரும்போது புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன்.